ப்ளூஸ் வாசிக்க எந்த எலெக்ட்ரிக் கிட்டார்? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு மாதத்துக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ இதே கேள்வியோடு வந்துவிடுகிறார்கள்: "அண்ணா, ப்ளூஸ் வாசிக்க ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும், எதை வாங்கலாம்?" ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. தேத்தண்ணி ஆறும் வரைக்கும் கதைப்போம். அடுத்த மாதம் இன்னொருவர் வருவார், அதே கதை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் கடைக்காரன் அல்ல. பகலில் கணக்கு வேலை, இரவில் கிட்டார். இருபது வருடத்தில் ஒன்பது வாங்கி ஆறை விற்றிருக்கிறேன். விற்றதில் ஒன்றை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்தக் கதை கடைசியில்.

ப்ளூஸுக்கென்றே தனிக் கிட்டார் இருக்கிறதா?

இல்லை. "இது ப்ளூஸ் கிட்டார்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், கனகாலம் விற்காமல் கிடப்பது அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ப்ளூஸ்காரர்களையே பாருங்கள். மடி வாட்டர்ஸ் சிகாகோவில் வாசித்தது சிவப்பு டெலிகாஸ்டர். பி.பி. கிங்கின் கையில் இருந்தது கிப்சன் நிறுவனத்தின் அகன்ற ஈ.எஸ் 355. பட்டி கய் ஸ்ட்ராட்டோகாஸ்டர்காரர். ஆல்பர்ட் கிங் வைத்திருந்தது, ராக்கெட்டின் வால் மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஃபிளையிங் வி. இவர்கள் எல்லாம் பெரிய பெயர், பெரிய கிட்டார் என்றால், ஹவுண்ட் டாக் டெய்லரைக் கேளுங்கள். மலிவான ஜப்பானியக் கிட்டாரை வைத்துக்கொண்டு சிகாகோ மதுச்சாலைகளை அதிர வைத்தவர். அவருடைய இசைத்தட்டை வெளியிடுவதற்காகவே 1971இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

கம்பியை இழுத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்லப்போவது கிட்டத்தட்ட இதுதான்.

ப்ளூஸில் ஒரு சுரத்தை நேராக அழுத்தி வாசிப்பதோடு வேலை முடிவதில்லை. கீழே உள்ள சுரத்தை அழுத்திப் பிடித்து, கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி, மேல் சுரத்துக்கு ஏற்ற வேண்டும். இதைத்தான் பெண்ட் என்கிறோம். ஏற்றிய இடத்தில் சுருதி பிசகாமல் நிறுத்தி, அங்கேயே ஆட்ட வேண்டும். கை இதற்கு ஒத்துழைக்காத கிட்டாரில் எத்தனை இலட்சம் போட்டாலும் ப்ளூஸ் வராது.

கடையில் இப்படிச் செய்யுங்கள். மூன்றாம் கம்பியில் (மெல்லிய கம்பிதான் முதலாவது) 9ஆம் ஃபிரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த ஒன்பதாவது மெட்டை, ஒருமுறை மீட்டி அந்த ஒலியைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கம்பியில் 7ஆம் ஃபிரெட்டை மூன்று விரலால் பிடித்து, அந்த ஒலி வரும்வரை தள்ளுங்கள். நாலு எண்ணும் வரை பிடித்திருங்கள். விரல் கெஞ்சுகிறதா? அடுத்து முதலாம் கம்பியில் 15ஆம் ஃபிரெட்டுக்குப் போய் அதையே செய்யுங்கள். பாதியில் ஒலி செத்துப்போனால் கம்பி மேலுள்ள ஃபிரெட்டில் முட்டுகிறது என்று அர்த்தம். கடைசியாக, இழுத்து விட்டபின் ஆறு கம்பியும் சுருதியில் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று நிமிட வேலை. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நிறத்தைப் பார்த்து, தோளில் மாட்டி, கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் முதல் கிட்டாரை அப்படித்தான் வாங்கினேன்.

ஒலி சாவதற்கு ஒரு காரணம் நெக்கின், அதாவது விரல் வைக்கும் கழுத்தின், முகப்பு வளைவு. பழைய பாணி ஃபெண்டர்களில் (ஸ்ட்ராட்டோகாஸ்டரும் டெலிகாஸ்டரும் இந்த நிறுவனத்தினுடையவை) இந்த வளைவின் ஆரை 7.25 அங்குலம், நன்றாக உருண்டிருக்கும். பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கோர்ட் பிடிக்கச் சுகம், பெரிய பெண்டுக்குக் கொஞ்சம் இடைஞ்சல். இன்றைய ஃபெண்டர் வகைகளில் பெரும்பாலும் 9.5, கிப்சன் வகைகளில் 12. எண் கூடக் கூட முகப்பு தட்டையாகும், பெண்ட் சுலபமாகும்.

சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் படித்தேன். உதவுமா?

நிறைய உதவும். இங்கே வருகிறவர்களில் இப்படிப் படித்தவர்கள் பலர். ஆனால் அவர்களில் யாரும் இதைத் தாமாக யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

ப்ளூஸ் வாசிப்பவர்கள் முதலில் பழகுவது மைனர் பென்டாடோனிக் என்ற ஐந்து சுர வரிசை. சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். சுத்த தன்யாசி! இதோடு இடையில் பிரதி மத்திமத்தைத் தொட்டும் தொடாமலும் சேர்த்தால் ப்ளூஸ் ஸ்கேல் என்பார்கள். இன்னொரு நுட்பம், காந்தாரம். ப்ளூஸ் பாடகர் நிற்கும் காந்தாரம் சாதாரணமும் இல்லை, அந்தரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். கிட்டாரில் அந்த இடத்துக்கு ஃபிரெட் கிடையாது. சாதாரண காந்தாரத்தை அழுத்திக்கொண்டு கம்பியை ஒரு நூல் தள்ளினால்தான் வரும். வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கைவேலை.

தாளமும் அப்படித்தான். மெதுவான ப்ளூஸ் என்பது நாலு நாலாக எண்ணிக்கொண்டு ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரிப்பது. நாம் சொல்லும் திஸ்ர நடை, தகிட தகிட. நாலடிப் பார் பன்னிரண்டு கொண்ட ஒரு சுற்றுக்கு 48 அடி. ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். கையில் தாளம் போட்டுக்கொண்டே பி.பி. கிங்கைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வரி பாடுவார், அவர் வாய் ஓய்ந்ததும் கிட்டார் பதில் சொல்லும். கச்சேரியில் பாடகரும் வயலினும் கதைப்பது போல.

ஒரு எச்சரிக்கை. சங்கீதம் படித்தவர்கள் எல்லாச் சுரத்தையும் அசைத்துவிடுவார்கள். ப்ளூஸில் சிலதைக் கல் மாதிரி விட வேண்டும்.

சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா?

கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி சுற்றிய சுருள். மேலே உருக்குக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஒரு சுருள் என்றால் சிங்கிள் காயில். மணி மாதிரித் தெளிவு, விரல் மெதுவாகத் தொட்டதும் அழுத்தித் தொட்டதும் தனித்தனியாகக் கேட்கும். கூடவே வீட்டு மின்சாரத்தின் இரைச்சலும் கேட்கும். அந்த இரைச்சலை அடக்க, எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருளைப் பக்கத்தில் வைத்து ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கும்படி கிப்சனில் வேலை செய்த சேத் லவர் 1955இல் வடிவமைத்ததுதான் ஹம்பக்கர். ஒலி தடிப்பு, சற்று இருட்டு, நீண்டு நிற்கும்.

இரண்டிலும் ப்ளூஸ் உண்டு. தனிப்பட்ட முறையில் எனக்குச் சிங்கிள் காயில்தான் பிடிக்கும், ஏனென்றால் கை செய்த தவறை அது மறைக்காது. உங்களுக்கு அது தண்டனையாகவும் தோன்றலாம். இரண்டுக்கும் நடுவே பி 90 என்று ஒரு வகை உண்டு. ஒரே சுருள்தான், ஆனால் அகலமாக, கரகரப்பாக இருக்கும். அதை வாசித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்ட்ராட், டெலி, லெஸ் பால், 335: நான்குக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. மூன்று சிங்கிள் காயில். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் வளைவு. கழுத்துப் பக்கப் பிக்கப்பில் வைத்து வாசித்தால் யாரோ பக்கத்திலிருந்து பாடுவது போல இருக்கும். ஒரேயொரு தொல்லை அதன் பிரிட்ஜ், கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பாகம். அது ஸ்பிரிங்கில் மிதக்கிறது. ஒரு கம்பியை இழுத்தால் பிரிட்ஜ் முன்னே சாய்ந்து மற்றக் கம்பிகளின் சுருதி இறங்கிவிடும். இரண்டு கம்பியை மீட்டிக்கொண்டு ஒன்றை மட்டும் இழுக்கும் ப்ளூஸ் வாசிப்பில் இது பெரிய கரைச்சல். தீர்வு சுலபம்: பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை ஐந்தாக்கி, பிரிட்ஜ் மரத்தில் ஒட்டிக்கொள்ளும்வரை திருகை இறுக்குங்கள். நான் வாங்கிய ஒவ்வொரு ஸ்ட்ராட்டுக்கும் முதல் நாளே செய்த வேலை இது.

டெலிகாஸ்டர் அதற்கு மூத்தது, 1951இலிருந்து இந்தப் பெயர். ஒரு பலகை, இரண்டு பிக்கப், அசையாத பிரிட்ஜ். கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

லெஸ் பால் 1952. கனம். நாலு கிலோவைத் தாண்டியவை சாதாரணம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் அலுவலகம் விடும் நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். ஒலியைப் பொறுத்தவரை குறை சொல்ல மாட்டேன். கம்பியின் நீளம் ஃபெண்டரில் 25.5 அங்குலம், இதில் 24.75, அந்த முக்கால் அங்குலக் குறைவால் கம்பி தளர்ந்து பெண்ட் இலகுவாகிறது.

ஈ.எஸ் 335 பிறந்தது 1958இல். நடுவில் ஒரு மரக்கட்டை, இரு புறமும் வெற்றிடம். மெல்லிய குரலில் கதைக்கும், அழகான கிட்டார். பெரிய சத்தத்தில் வைத்தால் ஊளையிடத் தொடங்கும். பி.பி. கிங்குக்காக 1980இல் கிப்சன் லூசில் என்ற மாடலைச் செய்தபோது மேலிருந்த துளைகளை மூடியதே அந்த ஊளையைக் குறைக்கத்தான். லூசில் என்ற பெயரின் கதை தெரியும்தானே? 1949இல் ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற ஊரில் நடனக்கூடமொன்றில் இரண்டு பேர் சண்டை போட்டு மண்ணெண்ணெய் அடுப்பைக் கவிழ்க்க, கூடம் பற்றிக்கொண்டது. வெளியே ஓடி வந்த கிங், கிட்டாரை எடுக்கத் திரும்ப உள்ளே ஓடினார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரியவந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று நினைவில் வைக்கவே அந்தப் பெயர்.

சுற்றி வளைக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்.

முதல் கிட்டார் என்றால் யமஹா பசிஃபிக்கா 112வி. கழுத்திலும் நடுவிலும் சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர். டோன் குமிழை மேலே இழுத்தால் அந்த ஹம்பக்கரும் ஒற்றைச் சுருளாகிவிடும். எந்த ஒலி பிடிக்கும் என்று தெரியாத ஒருவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசையில் ஒரு ஸ்ட்ராட் அல்லது டெலி. கனமான ஒலிதான் வேண்டும் என்றால் எபிஃபோன் லெஸ் பால். ஸ்குவையர் ஃபெண்டருடைய மலிவுப் பெயர், எபிஃபோன் கிப்சனுடையது. தலையில் இருக்கும் பெயரைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேலே சொன்ன பெண்ட் சோதனையில் இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று தேறினால் அதையே வாங்குங்கள்.

விலையை ஏன் எழுதவில்லை?

2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டாலர் அதே வருட மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முன் நான் எழுதி வைத்திருந்த விலைப் பட்டியலை இப்போது பார்த்தால் தாத்தா காலத்துப் பாண் விலை போல இருக்கிறது. பங்கு பிரிப்பதை மட்டும் சொல்கிறேன். கையில் நூறு பங்கு காசு இருந்தால் ஐம்பது கிட்டாருக்கு, முப்பத்தைந்து ஆம்புக்கு (கிட்டாரின் ஒலிபெருக்கி), மிச்சம் கம்பி, கேபிள், பை, ஒரு நல்ல செட்டப் (கிட்டாரை வாசிக்கத் தக்கதாகச் சரிசெய்யும் வேலை) ஆகியவற்றுக்கு. எல்லாரும் தொண்ணூறைக் கிட்டாரில் போட்டுவிட்டு, பத்துக்கு வாங்கிய ஆம்பில் தகர டப்பாச் சத்தம் வருகிறது என்று கவலைப்படுகிறார்கள்.

தொடர்மாடியில் இருக்கிறேன். எத்தனை வாட் ஆம்ப்?

உங்கள் கீழ்வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவர் என்பதைப் பொறுத்தது.

வாட் எண்ணை நம்பாதீர்கள். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட் ஆம்ப் 5 வாட்டின் இரண்டு மடங்குச் சத்தம்தான். மறுபக்கமாகச் சொன்னால், 5 வாட் வால்வ் ஆம்பே (கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய வகை) படுக்கையறைக்குத் தாங்காது. ப்ளூஸுக்குப் பிடித்த ஒலி, ஆம்ப் உடையத் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது: மெதுவாக மீட்டினால் சுத்தம், அழுத்தினால் கரகரப்பு. வால்வ் ஆம்பில் அந்த விளிம்பை எட்டச் சத்தத்தைத் திறக்க வேண்டும். அதற்குள் கதவு தட்டப்படும்.

அதனால் வீட்டுக்கு இன்றைய டிஜிட்டல் ஆம்ப்தான் நியாயம். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50இல் சக்தியை 0.5 வாட் வரை இறக்கலாம், ஹெட்ஃபோனும் மாட்டலாம். யமஹாவின் டி.எச்.ஆர் வகை மேசையில் வைத்து வாசிக்கவே செய்யப்பட்டது. எதை வாங்கினாலும் உள்ளே இருக்கும் நூறு வகை ஒலியைத் தேடி இரவைக் கழிக்காதீர்கள். லேசான கரகரப்பு ஒன்றை வைத்துவிட்டு, மிச்சத்தைக் கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழால் செய்யுங்கள். 10இல் கரகரக்கும், 6க்கு இறக்கினால் தெளியும். அந்தக் குமிழைத் திருப்பியே பார்க்காதவர்கள்தான் காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெட்டிகளை, பெடல் பெடலாக வாங்குகிறார்கள்.

கனடாவிலிருந்து மாமா ஆம்ப் கொண்டு வருகிறார். பரவாயில்லையா?

பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதில் நான் அடிபட்டவன். டொரன்டோவிலிருந்து வந்த மாமா ஆசையாகக் கொண்டு வந்த சின்ன வால்வ் ஆம்பை அன்று பின்னேரமே, முள்ளுக்கு ஒரு அடாப்டரைப் போட்டுச் சுவரில் செருகினேன். ஒரு 'டப்', கொஞ்சம் புகை, நாள் முழுக்க ஒரு கருகல் மணம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. முள்ளை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. 100இலிருந்து 240 வரை என்று எழுதியிருந்தால் அப்படியே செருகலாம். 120 என்று மட்டும் இருந்தால் 230ஐ 120 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதில் ஒரு நுட்பம்: 15 வாட் என்பது ஒலியின் அளவு. வால்வ் ஆம்ப் சுவரிலிருந்து இழுப்பது அதைப்போல் பல மடங்கு. பின்பக்கத்தில் எழுதியிருக்கும் மின்நுகர்வைப் பார்த்து, அதைவிட இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள்.

கிட்டார் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. தாராளமாகக் கொண்டு வரட்டும்.

பாவித்த கிட்டார் வாங்கலாமா?

வாங்கலாம், இலங்கையில் அதுதான் புத்திசாலித்தனம். வெளிநாடு போகிறவர்கள் அவசரத்தில் விற்பார்கள். ஆனால் விளம்பரப் படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள், பகலில் போங்கள், ஆம்ப் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

முதலில் நெக். கிட்டாரைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் தலைப்பக்கத்திலிருந்து பாருங்கள். முறுகியிருந்தால் வேறு கதையே வேண்டாம், எழுந்து வாருங்கள். நேராக முன்னோக்கி வளைந்திருப்பது வேறு. அதை உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடால் சரிசெய்யலாம். ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்தினால் 7ஆம், 8ஆம் ஃபிரெட்டுகளின் மேல் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு இடைவெளி இருப்பது நல்லது. ட்ரஸ் ராட் திருகு இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். இறுக்கி இறுக்கி முடிந்துபோன ராடுகளும் சந்தைக்கு வருகின்றன.

அடுத்து ஃபிரெட். பெண்ட் அதிகம் செய்தவரின் கிட்டாரில் 5ஆம் ஃபிரெட்டிலிருந்து 12 வரை முதல் மூன்று கம்பிக்குக் கீழே குழி விழுந்திருக்கும். லேசான குழியைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆழமென்றால் ஃபிரெட் மாற்ற வேண்டும். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

பிறகு 12ஆம் ஃபிரெட். கம்பியை அதன்மேல் தொட்டும் தொடாமலும் மீட்டினால் வரும் மணியொலியும், அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடியிருந்தால் பிரிட்ஜிலுள்ள சின்னக் கட்டையைப் பின்னே தள்ளினால் சரி. தள்ள இடமில்லாவிட்டால்தான் பிரச்சினை.

குமிழ் கரகரத்தால் பயப்பட வேண்டாம், சுத்தம் செய்யும் ஸ்பிரே போதும். ஜாக் ஆடினால் இறுக்கலாம். இந்த இரண்டையும் விற்பவரிடம் பெரிய குறை மாதிரிச் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

இன்னொன்று: பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிப் பூட்டிய கார் மாதிரியான கிட்டார்களும் உண்டு. உடம்பு ஒன்றினது, நெக் வேறொன்றினது, பிக்கப் மூன்றாவதினது. அதில் தப்பில்லை, சில நேரம் அசலைவிட நன்றாகவே பாடும். ஆனால் அசலின் விலையைக் கொடுக்காதீர்கள்.

மலிவாக ஒரு கிப்சன் கிடைக்கிறது. எடுக்கவா?

மலிவான கிப்சன் பெரும்பாலும் கிப்சன் இல்லை. தலையில் ட்ரஸ் ராடை மூடும் சின்னத் தகட்டைப் பாருங்கள். அசலில் இரண்டு திருகு, போலிகளில் அடிக்கடி மூன்று. அதைக் கழற்றினால் அசலில் ஆறு பக்க நட் வெளியே தெரியும். போலியில் பெரும்பாலும் அலன் சாவி நுழையும் துளை. தலையின் பின்பக்கம் தொடர் எண் மரத்தில் அழுத்திப் பதிந்திருக்கும். கழற்றிப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், பதில் கிடைத்துவிட்டது.

நான் ஒருமுறை ஏமாந்தேன். மூன்று திருகு. எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை, கணக்கு வேலை செய்பவனுக்கு.

கடற்கரைப் பக்கம் வீடு. கிட்டார் கெட்டுப்போகுமா?

மறைன் டிரைவ் பக்கத்து ஜன்னல் கிரில்லுக்கு என்ன ஆகிறதோ அதுதான் கம்பிக்கும் ஆகும். உப்புக்காற்று, ஈரம், வியர்வை மூன்றும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் மூன்றாம் கம்பி கறுத்துச் சொரசொரக்கும். துருவேறிய கம்பியில் பெண்ட் செய்தால் விரலும் போகும், ஃபிரெட்டும் தேயும்.

வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சாரத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள கம்பிகள் விலை கூட, ஆனால் கடலோரத்தில் மூன்று மடங்கு நாள் உழைக்கின்றன என்பது என் அனுபவம். கிட்டாரைச் சுவரில் மாட்டி அழகு பார்க்காமல் பையில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் அதற்குள் போடுங்கள். ஏசி அறையில் வைத்திருந்து, திடீரென்று மழைக்கால ஈரத்துக்குள் எடுத்துப்போனால் நெக் அசையும், சுருதி ஓடும். எடுத்தவுடன் சுருதி சேர்க்காமல் பத்து நிமிடம் பொறுங்கள்.

கம்பித் தடிப்பு 9ஆ, 10ஆ, 11ஆ?

இந்த எண் முதல் கம்பியின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் 13 போட்டார் என்று எங்கோ வாசித்துவிட்டு 13 வாங்கி வந்து விரல் வீங்கிய தம்பிமாரைப் பார்த்திருக்கிறேன். அவர் அரைச் சுருதி இறக்கி வைத்து வாசித்தார், அதோடு அவருக்கிருந்தது அவருடைய கை. பி.பி. கிங்கின் முதல் கம்பி 10. ZZ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7 போடுகிறார், அவருடைய ஒலியை யாரும் மெலிது என்று சொன்னதில்லை. ஃபெண்டர் நீளத்துக்கு 9, கிப்சன் நீளத்துக்கு 10 என்று தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து மாற்றுவதானால் மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் இரைச்சல் பயங்கரமாக இருக்கிறதே?

கம்பியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அப்படியென்றால் கிட்டாரின் உள் இணைப்பு சரி. மிச்சம் சிங்கிள் காயிலின் இயல்பு. ஐந்து நிலைச் சுவிட்சில் இரண்டாவது, நாலாவது நிலைகளை வைத்துப் பாருங்கள். நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் இரைச்சல் அடங்கும். ட்யூப் லைட், போன் சார்ஜர், கணினித் திரை ஆகியவற்றிலிருந்து தள்ளி உட்காருங்கள். கிட்டாரோடு அறையில் மெல்லத் திரும்பினால் ஒரு திசையில் சத்தம் குறையும். வாசிக்கும்போது அந்தத் திசையைப் பார்த்து உட்காருங்கள். நான் சாமி அறையைப் பார்த்து உட்காருகிறேன். பக்தியில் இல்லை, அங்கேதான் இரைச்சல் குறைவு.

கம்பியைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிக்கிறது என்றால் அது வேறு விஷயம், ஆபத்து. வட்ட முள்ளும் சதுர முள்ளும் கலந்த பழைய வீடுகளில், அடாப்டர் மேல் அடாப்டர் போடும்போது எர்த் விடுபட்டுப் போகும். ஆம்பை உடனே கழற்றிவிட்டு மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

என்ன பெடல் வாங்க வேண்டும்?

முதல் வருடம் ட்யூனர் மட்டும். அப்புறம் கரகரப்பைக் கூட்டும் ஓவர்டிரைவ் ஒன்று: ட்யூப் ஸ்கிரீமர் வகையோ, பாஸ் ப்ளூஸ் டிரைவரோ. அதற்கு மேல் கேட்டால் என் வீட்டுக்காரியிடம் கேளுங்கள், அலுமாரியின் அடித்தட்டைத் திறந்து காட்டுவா.

எனக்கு இடது கை. என்ன செய்ய?

கொழும்பில் இடது கைக் கிட்டார் கிடைப்பது அரிது. புதிதாகத் தொடங்குபவர் என்றால் வலது கைக் கிட்டாரை வலது கைக்காரர்போலவே ஒரு மாதம் முயன்று பாருங்கள். இரண்டு கைக்கும் புதிய வேலைதானே. சரிவராவிட்டால் வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி வைக்கலாம். ஆல்பர்ட் கிங்கும் ஓடிஸ் ரஷ்ஷும் கம்பி தலைகீழாக இருக்க வாசித்தவர்கள். மேலே தள்ள வேண்டிய கம்பியைக் கீழே இழுத்தார்கள், அதனாலேயே அந்தப் பெண்டுகளின் ஒலி தனி.

விற்று வருந்திய கிட்டார் எது?

பெயரில்லாத ஒரு டெலி. தலையில் ஒட்டியிருந்த பெயரை எனக்கு முந்தியவர் சுரண்டிவிட்டிருந்தார். நெக் கொஞ்சம் தடி, உடம்பில் மண்ணிறப் பூச்சு, பிரிட்ஜ் பிக்கப் கத்தி மாதிரி. மூன்றாம் கம்பியில் 7ஆம் ஃபிரெட்டைப் பிடித்தால் தானாக 9க்குப் போகும் என்று தோன்றும். 2022இல் கையில் காசு இறுகிய நேரம், இருந்த நான்கில் பெயருள்ள மூன்றையும் வைத்துக்கொண்டு இதை விற்றேன். வாங்கியவர் தெகிவளைத் தம்பி ஒருவர். அப்போது அவருக்குப் பெண்ட் செய்யவே தெரியாது. போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் அதை வாசித்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். திருப்பித் தருவீர்களா என்று இதுவரை மூன்று தரம் கேட்டாயிற்று. "அண்ணா, நீங்கள்தானே கம்பியை இழுத்துப் பார்த்து வாங்கச் சொன்னீர்கள்" என்கிறார்.